பழைய கார் இன்ஜினுக்கு ஜிங்க் அடிட்டிவ்: தேவையை அறிந்து, அளவைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பழைய காரை அக்கறையோடு பராமரிப்பவர்களில் பலர், ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு பாட்டில் ஜிங்க் அடிட்டிவையும் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள். இந்த வழக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. 1990களிலிருந்து பெட்ரோல் கார்களுக்கான ஆயில்களில், தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அந்தச் சேர்மத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட இன்ஜின்களோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எல்லாப் பழைய இன்ஜினுக்கும் அது கூடுதலாகத் தேவைப்படுவதில்லை, எல்லா ஆயிலிலும் அது குறைந்துவிடவும் இல்லை. அளவு மீறினால் அதுவே தேய்மானத்துக்கு வழிவகுக்கும். ஆகவே பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் கடைசிக் கட்டமாக இருக்க வேண்டும். இன்ஜினையும் அதில் ஊற்றப்படும் ஆயிலையும் முதலில் சரியாக அறிந்துகொண்டால், பலருக்கு அந்தப் பாட்டிலே தேவைப்படாது.

ஜிங்க் என்ன செய்கிறது

பேச்சு வழக்கில் ஜிங்க் என்று குறிப்பிடப்படுவது தனித் துத்தநாகம் அல்ல. ஜிங்க் டையால்கைல்டைதயோபாஸ்பேட் என்ற சேர்மம், சுருக்கமாக இசட்டிடிபி. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் அதில் அடங்கியுள்ளன. 1940களில் ஆயிலில் சேர்க்கப்பட்டபோது, ஆயில் ஆக்சிஜனேற்றம் அடைவதையும் பேரிங்குகள் அரிக்கப்படுவதையும் தடுப்பதே அதன் பணியாக இருந்தது. தேய்மானத்தைத் தடுக்கும் ஆற்றல் பின்னர்தான் முழுமையாக உணரப்பட்டது.

இரண்டு உலோகப் பரப்புகள் கடும் அழுத்தத்தில் உரசும்போது, அங்கே எழும் வெப்பத்தாலும் உராய்வாலும் இந்தச் சேர்மம் சிதைந்து, ஜிங்க் பாஸ்பேட்டாலான கண்ணாடி போன்ற ஒரு படலமாக உலோகத்தின் மேல் படிகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுதான். உரசலில் தேய்வது முதலில் இந்தப் படலமே. தேய்ந்த இடத்தில் ஆயிலிலுள்ள சேர்மம் மறுபடியும் படிகிறது. இப்படித் தன்னைத் தேயக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஆயிலிலுள்ள சேர்மமும் நாளடைவில் செலவாகிறது.

இந்தப் படலத்தின் முதுகெலும்பு பாஸ்பரஸ் என்பதை வாங்குபவர் மறந்துவிடக் கூடாது. பாட்டிலின் மேல் ஜிங்க் அளவை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, பாஸ்பரஸைப் பற்றி எதுவும் சொல்லாத பொருளை நான் வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். துத்தநாகம் வேறு சேர்மங்களின் வடிவிலும் ஆயிலில் கரையக்கூடியது; அவை எல்லாம் இந்தப் படலத்தைத் தருவதில்லை. இசட்டிடிபியில் பாஸ்பரஸைவிடத் துத்தநாகம் எடையில் சுமார் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கும். தகவல் தாளில் இரண்டும் இந்த விகிதத்தை ஒட்டி இருந்தால், அந்த எண்களை நம்புவதற்கு இடமுண்டு.

முதல் படி: உங்கள் இன்ஜினில் இருப்பது எந்த வகை டேப்பட்

கூடுதல் ஜிங்க் தேவையா என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் என்பது மேடுகள் கொண்ட சுழல்தண்டு; அந்த மேடுகளே கேம்கள். அவை தள்ளும் துண்டுதான் டேப்பட்; அந்த அசைவே வால்வுகளைத் திறக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் ஓடும்போது அழுத்தமான ஆயில் படலத்தின் மேல் மிதக்கின்றன. அங்கே உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வது பெரும்பாலும் ஸ்டார்ட் செய்யும் சில கணங்களில் மட்டுமே. தட்டை அடியுள்ள டேப்பட்டின் நிலை வேறு. வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையும் கேமின் முனையில் கோடு போன்ற குறுகிய பரப்பின் மேல் இறங்குகிறது. அந்த விசையோடு கேம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆயில் படலம் அங்கே மெலிந்துவிடுவதால், உலோகத்தைக் காப்பது இசட்டிடிபி தரும் படலம்தான்.

தட்டை டேப்பட் என்று சொன்னாலும் அதன் அடிப்பரப்பு முற்றிலும் தட்டையானதன்று. நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடாகவும், கேமின் முகம் ஒரு பக்கமாகச் சற்றே சாய்வாகவும் கடையப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைத் தன் துளைக்குள் மெல்லச் சுழலவைக்கின்றன. சுழல்வதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. சுழற்சி நின்றுபோன டேப்பட்டும் அதன் கேமும் மிகக் குறைந்த நேரத்தில் கெட்டுவிடும். அதற்குப் பிறகு எந்த அடிட்டிவாலும் பயனில்லை.

பிரிட்டிஷ் பிஎம்சி ஏ, பி வரிசை இன்ஜின்கள், ஃபோக்ஸ்வாகனின் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், பழைய அமெரிக்க வி8 இன்ஜின்கள் ஆகியவை தட்டை டேப்பட் கொண்டவை. அமெரிக்க வி8 இன்ஜின்கள் 1980களின் நடுப்பகுதியிலிருந்து ரோலர் டேப்பட்டுக்கு மாறத் தொடங்கின. டேப்பட்டின் அடியிலுள்ள ரோலர், கேமின் மேல் உருண்டு செல்வதால், அத்தகைய இன்ஜினுக்கு இன்றைய ஆயிலில் உள்ள அளவே போதும். ஆகவே காரின் வயது மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. இன்ஜின் திறக்கப்பட்டு வேறு கேம் போடப்பட்டிருக்கவும் கூடும். வாங்கிய காராக இருந்தால், பழைய பில்களையோ வேலை பார்த்த மெக்கானிக்கையோ கேட்டறிவது நல்லது. கேம் ஷாஃப்ட் மேலே இருந்து, வழுக்கும் ராக்கரையோ பக்கெட் டேப்பட்டையோ இயக்கும் இன்ஜின்களும் உரசல் வகையைச் சேர்ந்தவைதான், ஆனால் அவற்றின் தேவை இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும். அங்கே தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முதல் ஆதாரம்.

தட்டை டேப்பட் இன்ஜின்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பல ஆண்டுகள் ஓடிப் பதமான கேமும், கம்பெனி போட்ட மென்மையான ஸ்பிரிங்கும் கொண்ட இன்ஜின் குறைந்த ஜிங்க்கையும் தாங்கிக்கொள்ளும். உயரமான கேமும் வலுவான ஸ்பிரிங்கும் மாட்டப்பட்ட இன்ஜின், புதிதாகக் கேம் போட்டுக் கட்டப்பட்ட இன்ஜின் ஆகிய இரண்டுமே உண்மையில் ஆபத்தின் விளிம்பில் இருப்பவை.

இரண்டாம் படி: இப்போது ஊற்றும் ஆயிலில் எவ்வளவு இருக்கிறது

பாஸ்பரஸ் குறைக்கப்பட்டதற்குக் காரணம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். எரிந்துபோகும் ஆயிலிலிருந்து வரும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் உட்பரப்பில் படிந்து அதன் செயல்திறனைக் கெடுக்கிறது. ஐஎல்எஸ்ஏசி என்ற ஆயில் தரநிலைக் குழுவின் தரநிலைகளில் பாஸ்பரஸின் உச்ச அளவு முதலில் 0.12 சதவீதமாக இருந்தது. 1996இல் வந்த ஜிஎஃப்-2இல் அது 0.10 ஆனது; 2004இல் வந்த ஜிஎஃப்-4இல் 0.08 ஆனது. 0.08 சதவீதம் என்பது 800 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 800 பங்கு. குறைந்தபட்சம் 0.06 சதவீதம் இருந்தாக வேண்டும் என்றும் அதே தரநிலை வரையறுத்தது. எனவே இன்றைய ஆயிலில் ஜிங்க்கே இல்லை என்று பரவியிருக்கும் பேச்சு தவறானது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. இந்த உச்சவரம்பு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற இலகுவான தரங்களுக்கே விதிக்கப்பட்டது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கனமான தரங்களுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த எஸ்எம், எஸ்என் வகைகளில் அந்த வரம்பு இல்லை. பழைய இன்ஜின்கள் பெரும்பாலும் இந்தக் கனமான தரங்களைத்தான் கேட்கின்றன. ஒரு 20டபிள்யூ-50 ஆயிலில் 1,000 பிபிஎம்முக்கு மேல் ஜிங்க் இயல்பாகவே இருக்கக்கூடும்; அதன்மேல் ஒரு பாட்டில் அடிட்டிவையும் ஊற்றுபவர், பற்றாக்குறையை நிரப்புவதாக நினைத்துக்கொண்டு மிகையை உண்டாக்குகிறார். கேனின் பின்பக்கத்து வட்ட முத்திரையில் ரிசோர்ஸ் கன்சர்விங் என்ற சொற்கள் இருந்தால், அந்த ஆயில் வரம்புக்கு உட்பட்டது என்று கொள்ளலாம்.

டீசல் ஆயிலைப் பெட்ரோல் இன்ஜினில் பயன்படுத்தும் பழக்கமும் இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. 2006இல் வந்த சிஜே-4 என்ற டீசல் ஆயில் தரம் பாஸ்பரஸை 0.12 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. பின்னர் வந்த சிகே-4 தரத்திலும் அதே வரம்பு. எண்ணளவில் இது தட்டை டேப்பட்டுக்குப் பொருந்துவதாகவே தெரியும். ஆனால் டீசல் ஆயிலில் கரியைக் கழுவும் கால்சியம், மெக்னீசியம் டிடர்ஜென்டுகள் மிகுதி. அவையும் உலோகப் பரப்பில் இடம் தேடுபவை. அந்த இடத்துக்காக இசட்டிடிபியோடு போட்டியிடுகின்றன. எனவே 1,200 பிபிஎம் உள்ள டீசல் ஆயில், அதே அளவுள்ள பெட்ரோல் ஆயிலுக்குச் சமமான பாதுகாப்பைத் தரும் என்று எடுத்துக்கொள்ள இயலாது.

சரியான அளவை அறிய இரண்டு வழிகள் உள்ளன. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தகவல் தாளில் ஜிங்க், பாஸ்பரஸ் அளவுகள் சில நேரம் தரப்பட்டிருக்கும். இல்லையென்றால் அவர்களுக்கே எழுதிக் கேட்கலாம். இரண்டாவது வழி, திறக்காத கேனிலிருந்து சிறு மாதிரி எடுத்து ஆயில் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவது. எஞ்சிய தனிமங்களின் அளவும் அந்த அறிக்கையிலேயே கிடைத்துவிடும். பயன்படுத்திய ஆயிலைச் சோதிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய சோதனை துத்தநாக அணுக்களைத்தான் அளக்கிறது. சேர்மம் சிதைந்து வலுவிழந்திருந்தாலும் அணுக்கள் ஆயிலிலேயே இருப்பதால் எண் குறையாது. பழைய ஆயிலில் ஜிங்க் அளவு அப்படியே இருக்கிறது என்பதால், அந்த ஆயிலுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று பொருளாகாது.

மூன்றாம் படி: இலக்கை வரையறுத்தல்

பழகிய தட்டை டேப்பட் இன்ஜினுக்கு, மொத்த ஆயிலில் 1,000 முதல் 1,200 பிபிஎம் வரை ஜிங்க் இருப்பது பொதுவாகப் போதுமானது. வலுவான ஸ்பிரிங் உள்ள இன்ஜினுக்கு 1,400 பிபிஎம் வரை போகலாம். பாஸ்பரஸ் 0.14 சதவீதத்தைத் தாண்டினால் நீண்ட காலத்தில் தேய்மானம் கூடத் தொடங்குகிறது, 0.20 சதவீதத்தை எட்டும்போது அது இரும்பின் படிக எல்லைகளைத் தாக்கி, கேம் பரப்பிலிருந்து செதில் செதிலாக உலோகம் பெயர வழிவகுக்கிறது. மருந்தின் அளவைப் போலவே இதையும் கருத வேண்டும்.

கன்வெர்ட்டரும் தட்டை டேப்பட்டும் ஒரே காரில் அமைந்துவிடும் நிலைதான் சிக்கலானது. அமெரிக்காவில் 1975 மாடல் முதல் கன்வெர்ட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டதால், அதற்கடுத்த பத்தாண்டுகளின் கார்கள் பலவற்றில் இரண்டும் உண்டு. அத்தகைய காரில் 1,000 பிபிஎம்மை ஒட்டியே நிறுத்திக்கொள்வேன். அங்கே கன்வெர்ட்டரைக் கெடுப்பது எரிந்து வெளியேறும் ஆயில் என்பதால், வால்வு சீல்களையும் பிஸ்டன் ரிங்குகளையும் நல்ல நிலையில் வைத்து ஆயில் குடிப்பதைத் தடுப்பது, ஜிங்க்கின் அளவைக் குறைப்பதைவிடப் பயன் தரும்.

நான்காம் படி: முதலில் ஆயில், பிறகு அடிட்டிவ்

இலக்கு அளவை இயல்பாகவே கொண்ட ஆயில் கிடைக்குமானால், அதையே வாங்க வேண்டும். ஆயில் என்பது டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட், உராய்வுக் குறைப்பான், நுரைத் தடுப்பான் எல்லாம் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும்படி சோதித்துக் கலக்கப்பட்ட கலவை. பாட்டிலில் வரும் அடிட்டிவோ அந்தக் கலவையை அறியாமல் தயாரிக்கப்பட்டது. பழைய கார்களுக்கென்றே தயாரிக்கப்படும் ஆயில்களில் இந்தச் சமன்பாடு முன்கூட்டியே செய்யப்பட்டிருக்கும். ஆயிலின் கனம் கையேட்டில் சொன்னபடி இருப்பதும் ஜிங்க்குக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. கனம் தவறிப்போன ஆயிலை எந்த அடிட்டிவாலும் சரிசெய்ய முடியாது.

பொருத்தமான ஆயில் கிடைக்காதபோது, அல்லது கிடைக்கும் ஆயிலில் அளவு குறைவு என்று உறுதியாகத் தெரியும்போது, அடிட்டிவைத் தேடலாம்.

ஐந்தாம் படி: பாட்டிலை வாசித்தல்

விளம்பர வாசகத்தைவிடப் பாதுகாப்புத் தகவல் தாள் நம்பகமானது. அதன் மூன்றாம் பிரிவில் உட்பொருட்கள் எழுதப்பட்டிருக்கும். ஜிங்க் டையால்கைல்டைதயோபாஸ்பேட் என்ற பெயரோ, அந்த வகைச் சேர்மங்களில் ஒன்றுக்குரிய 68649-42-3 என்ற பதிவெண்ணோ அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். குளோரின் ஏற்றிய பாரஃபின் இருந்தால் விலகிவிடுவது நல்லது. அது சிதையும்போது வெளிப்படும் அமிலம் உலோகத்தை அரிக்கக்கூடியது. ஆயிலில் கரையாத டெஃப்லான் துகள்கள் மிதக்கும் பொருட்களையும் நான் தவிர்ப்பேன், ஏனெனில் அவை ஃபில்டரிலும் குறுகிய ஆயில் துளைகளிலும் தங்கிவிடும் வாய்ப்பு உண்டு.

இசட்டிடிபியிலும் வகைகள் உள்ளன. செகண்டரி வகை தாழ்ந்த வெப்பத்திலேயே சிதைந்து விரைவில் படலம் அமைக்கும். பிரைமரி வகை மெதுவாகச் செயல்பட்டாலும் உயர் வெப்பத்தில் நீடித்து நிற்கும். குறைவாக ஓட்டப்படும், அடிக்கடி குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யப்படும் பழைய காருக்கு முதல் வகையே பொருத்தம். எல்லாத் தயாரிப்பாளரும் இதை வெளியிடுவதில்லை; கேட்டால் தெளிவாகப் பதில் சொல்பவரின் பொருளுக்கு முன்னுரிமை தரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டிலிலுள்ள திரவத்தின் ஜிங்க் செறிவு எவ்வளவு, அல்லது குறிப்பிட்ட லிட்டர் ஆயிலில் அது எத்தனை பிபிஎம்மை உயர்த்தும் என்ற எண் தரப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத பாட்டிலை அளவிட்டுப் பயன்படுத்த வழியே இல்லை.

ஆறாம் படி: கணக்கு

ஆயிலின் லிட்டரை அதன் பிபிஎம்மால் பெருக்குங்கள். அடிட்டிவின் லிட்டரையும் அதன் பிபிஎம்மால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி மொத்த லிட்டரால் வகுத்தால், இன்ஜினுக்குள் இருக்கப்போகும் அளவு கிடைக்கும். பிபிஎம் எடையைக் குறிப்பது என்றாலும், இரண்டு திரவங்களின் அடர்த்தியும் நெருங்கியிருக்கும்போது இந்தக் கணக்கு போதிய அளவு சரியாகவே வரும்.

ஓர் இன்ஜின் 4 லிட்டர் ஆயில் பிடிக்கிறது என்று கொள்வோம். ஆயிலில் 800 பிபிஎம் ஜிங்க். அடிட்டிவில் 9,000 பிபிஎம். 3.8 லிட்டர் ஆயிலோடு 200 மில்லி அடிட்டிவைச் சேர்த்தால், 3,040 + 1,800 = 4,840; அதை 4ஆல் வகுத்தால் 1,210 பிபிஎம். இலக்கு கைக்கு வந்துவிட்டது. அதே அடிட்டிவ் 350 மில்லி பாட்டிலில் வருகிறது, மீதம் வைக்க மனமில்லாமல் முழுவதையும் ஊற்றிவிட்டார்கள் என்றால், அளவு 1,500ஐத் தாண்டிவிடும். ஆயிலில் ஏற்கெனவே 1,200 பிபிஎம் இருந்து, அதில் முழுப் பாட்டிலும் போனால், ஏறத்தாழ 1,880. முழுப் பாட்டில் என்பது தயாரிப்பாளர் மனத்தில் வைத்திருந்த ஏதோ ஒரு ஆயில் அளவுக்கானது. உங்கள் சம்ப்பின் கொள்ளளவு அதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

அடிட்டிவின் அளவுக்கு ஆயிலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டிவிடும். ஊற்றுவதற்கு முன் இரண்டையும் சுத்தமான பாத்திரத்தில் நன்றாகக் கலந்துகொள்வது, ஊற்றிய பின் இன்ஜினைச் சூடேறும்வரை ஓட்டுவது ஆகிய இரண்டும் நல்ல பழக்கங்கள். இசட்டிடிபி கண்ணுக்குக் கடும் தீங்கு செய்யக்கூடியது, நீர்வாழ் உயிர்களுக்கும் நச்சானது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆயில் மாற்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில் மட்டம் குறைந்தால் அதே ஆயிலை மட்டும் நிரப்புங்கள். அடிட்டிவை மறுபடியும் சேர்க்க வேண்டாம்.

புதுக் கேம் போட்ட இன்ஜின்

தட்டை டேப்பட் கேம்கள் கெடுவது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில்தான். ஆகவே இந்தக் கட்டத்துக்குத் தனிக் கவனம் தேவை. பிரேக்-இன் ஆயில் என்றே விற்கப்படும், டிடர்ஜென்ட் குறைவாகவும் ஜிங்க் மிகுதியாகவும் உள்ள ஆயில் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். சாதாரண ஆயிலில் அடிட்டிவ் கலப்பது இரண்டாம் தேர்வு. கேம் முகத்திலும் டேப்பட் அடியிலும் கேமோடு வரும் பேஸ்டைத் தடவ வேண்டும். புதுக் கேமுக்குப் புது டேப்பட்டே போட வேண்டும். பழைய கேமையே மறுபடியும் பூட்டினால், ஒவ்வொரு டேப்பட்டும் தான் இருந்த அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அழுத்தம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் சரியாக இருந்து, இன்ஜின் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தவுடன் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கியபடி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். டேப்பட்டின் முகத்துக்குப் போகும் ஆயில் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் சிதறடிப்பது. ஐடிலில் அது போதாது. வாய்ப்பிருந்தால் வால்வு கவரைத் திறந்து, டேப்பட்டின் அசைவை மேலே கொண்டுசெல்லும் புஷ்ராடுகள் சுழல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சுழலாவிட்டாலும் உடனே நிறுத்திவிடுங்கள். இரட்டை ஸ்பிரிங் உள்ள இன்ஜினில், இந்த ஓட்டத்தின்போது உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது கேமின் மேல் விழும் சுமையை வெகுவாகக் குறைக்கும். ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

பலன் தருகிறதா என்று கண்காணித்தல்

அடிட்டிவ் ஊற்றிய மறுநாளே டேப்பட் சத்தம் குறைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இழந்த உலோகத்தை ஜிங்க் மீட்டுத் தருவதில்லை. இனி இழக்கவிருப்பதைத்தான் காக்கிறது. அதனால் காதை நம்பாமல், அளந்து பார்ப்பதே சரியான வழி.

வால்வு கிளியரன்ஸ் சரிசெய்யும் வகை இன்ஜினாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வால்வின் அளவையும் எழுதி வையுங்கள். ஒரே வால்வின் கிளியரன்ஸ் திரும்பத் திரும்ப அகலமானால், அந்தக் கேம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்ற ஐயம் எழ வேண்டும். டயல் கேஜைப் புஷ்ராடின் முனையில் வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றினால், கேம் எவ்வளவு உயர்த்துகிறது என்பது தெரிந்துவிடும். இன்டேக் கேம்களை இன்டேக்குகளோடும் எக்ஸாஸ்ட் கேம்களை எக்ஸாஸ்ட்டுகளோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அது தேய்ந்த கேம். டேப்பட்டைக் கழற்றும் வாய்ப்பு கிடைத்தால், நேரான எஃகு அளவுகோலின் விளிம்பை அதன் அடியில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல டேப்பட்டில் நடுப்பகுதி விளிம்பைத் தொட்டுக்கொண்டு, ஓரங்களில் மட்டும் மயிரிழை வெளிச்சம் கசியும். நடுவிலேயே வெளிச்சம் தெரிந்தால் அது குழிந்துவிட்டது. அதை மறுபடியும் போடக் கூடாது.

கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புத் தாளை விரித்துக் காந்தத்தால் தடவிப் பார்ப்பதும் பயனுள்ளது. மங்கிய சாம்பல் நிறத்தில் நுண்ணிய படிவு ஒட்டினால் பெரும்பாலும் இயல்பானது. விரலில் நெருடும் மினுமினுப்பான துகள்கள் ஒட்டினால் கேமையும் டேப்பட்டையும் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஆண்டுக்கொரு முறை ஆயில் சோதனை செய்பவர்கள், ஒரு தடவை வந்த இரும்பு எண்ணைவிட, ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டு அது தொடர்ந்து ஏறுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும்.

குறைவாக ஓடும் காரில் கிலோமீட்டரைப் பார்த்து ஆயிலை வைத்திருப்பது பிழை. குறுகிய ஓட்டங்களில் ஆயில் முழுச் சூட்டை எட்டாததால் ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கிவிடுகின்றன. இசட்டிடிபி அந்த ஈரத்தால் மெல்லச் சிதைகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய கேனின் தரத்தையும் முத்திரையையும் மறுபடி வாசித்து, கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் ஆயிலின் கலவையைத் தயாரிப்பாளர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.